வீணாகாத போர்வை

மாமனார் எதைச் சொன்னாலும் மூன்று காரணங்களோடுதான் சொல்வார். முதல் இரண்டைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது மறந்துவிடும். ஆனாலும் விரலை மடக்க மாட்டார். அடுத்து ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று கேட்பவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் தலைவரானதே இப்படித்தான்.

அன்று காலை சாப்பாட்டு மேசையில் அந்த விரல்கள் நீண்டன.

"அந்தப் போர்வைய இவளுக்கே குடுத்துடலாம். காரணம் மூணு. ஒண்ணு, அது புத்தம் புதுசு, யார் மேலயும் பட்டதில்ல. ரெண்டு, பயன்படற பொருள முடக்கி வைக்கறது சமுதாயத்துக்குச் செய்யற துரோகம்."

'இவள்' என்றது அவருடைய மகளை. ஏழாவது மாதம், பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். போர்வை மருமகளுடையது. அது யார் மேலும் படாமல் போனதற்கு ஒரே ஒரு காரணம்தான், அதை மேசையில் யாரும் சொல்லவில்லை. அவள் குழந்தை குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வெளித் துணி உள்ளே போகக் கூடாது என்றுவிட்டார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போர்வையின் மூலையில் குழந்தையின் பெயரை நூலால் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசி எழுத்தை முடித்து நூலை அறுத்த வாரத்திலேயே குழந்தை போய்விட்டது.

"அதுல பேர் இருக்கே, மாமா."

"பேர்தானே? நூல்தானேம்மா? பிரிச்சா வந்துடப் போகுது. மூணாவது..." மூன்றாவது விரல் காற்றில் நின்றது.

கணவன் தட்டைப் பார்த்தபடியே, "அப்பா சொல்றதுல தப்பில்ல. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத," என்றான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவன் எப்படி இருப்பான் என்று காட்டுவதுபோல இன்னொரு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

நாத்தனார் கெட்டவள் இல்லை. கேட்டதெல்லாம் கிடைத்து வளர்ந்தவள், அவ்வளவுதான். பிரித்த இடத்தில் என்ன போடலாம் என்று பார்க்க, கைபேசி நிறைய முயல்களையும் நிலாக்களையும் சேர்த்து வைத்திருந்தாள். "நாலு கடை ஏறி இறங்கினாத்தான் அண்ணி ஐடியா வரும்," என்றாள். மருமகளுக்கு வேண்டியிருந்தது வேறு. இந்தத் தையலைப் பிரிக்கவே முடியாது, துணி பாழாகிவிடும் என்று ஏதாவது ஒரு கடையில் சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரே நம்பிக்கையில் போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் கடை, மாடிப்படிக்குக் கீழே இருந்த பொத்தான் கடை. ஊசி, ஜிப்பு, லேஸ், நூல்கண்டு எல்லாம் கூரையிலிருந்து தொங்கின. கடைக்காரர் அவற்றுக்கு நடுவே தலையை மட்டும் நீட்டினார். போர்வையை வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"அட! ஒரு முடிச்சு இல்லையே. முனையெல்லாம் உள்ளயே சொருகியிருக்கு. யாரு போட்டது?"

"எங்க அண்ணிதான்."

"பிரமாதம்மா. மெஷின் பிச்சை வாங்கணும்."

மருமகளுக்கு மூச்சு வந்தது. "அப்போ இதப் பிரிக்க முடியாது, இல்ல?"

"முடியாதுங்கற சரக்கு மட்டும் நம்ம கடையில இல்லம்மா." ஒரு டப்பாவிலிருந்து பேனா நீளத்தில், நுனியில் இரட்டைப் பல் வைத்த, தையல் பிரிக்கும் ரிப்பரை எடுத்து மேசையில் வைத்தார். "பின்னாடி அறுங்க, முன்னாடி இழுங்க, சொகுசா வந்துடும். ஊசி போன ஓட்டை கொஞ்சம் தெரியும். ஒரு தடவை வாஷிங் மெஷின்ல போட்டா அதுவும் மூடிக்கும். அப்புறம் இங்க ஒரு பேர் இருந்துச்சுன்னு நீங்க சத்தியமே பண்ணாலும் எவனும் நம்ப மாட்டான்."

நாத்தனார் மகிழ்ச்சியாக ரிப்பரை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது கடை கண்ணாடிக் கதவு போட்டது. பலகையில் 'நூல் அனுபவ நிலையம்' என்று எழுதியிருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சுவர் முழுக்க நூல்கள் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை வரிசை கட்டி நின்றன. நடுவில் ஒரு வட்ட மேசை, அதன் மேல் 'உத்வேக மேசை' என்று ஓர் அட்டை. கடையின் உரிமையாளர் அம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு பார்த்ததாகத் தெரியவில்லை.

"நீல நூல் இருக்கா?" என்றாள் நாத்தனார்.

"நீலம்னு எதுவும் இல்லம்மா. நாங்க நூல் விக்கல, மனநிலை விக்கறோம். இது விடியலுக்கு முன். இது மழைக்குப் பின். இது பிரிவு."

"பிரிவு எவ்வளவு?"

"அதுக்குத் தள்ளுபடி போட்டிருக்கோம். யாரும் எடுக்கறதில்ல."

யாரும் கேட்காமலே மருமகள் போர்வையை எடுத்து விரித்தாள். நாலு கடை என்று கிளம்பினாலும், அந்தப் பக்கத்தில் இதைவிட்டால் வேறு நூல் கடை இல்லை. "இதப் பிரிக்கணுமாம். பிரிச்சா துணி கெட்டுடும்னு நெனைக்கறேன். நீங்களே சொல்லுங்க."

அம்மாள் எழுத்துகளைத் தடவினார். பிறகு நாத்தனாரின் வயிற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "எதுக்குப் பிரிக்கணும்? பையனா இருந்தாலும் பொண்ணா இருந்தாலும் பொருந்தற பேரு. வரப்போற பாப்பாவுக்கு இந்தப் பேரையே வெச்சுடுங்களேன்!"

மருமகள் நாத்தனாரைப் பார்த்தாள். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். நாத்தனார் மழுப்பவில்லை. வாய்க்குள் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"நல்ல பேருதான் இல்ல, அண்ணி?"

"அது ஏற்கெனவே ஒருத்தரோட பேரு."

"தெரியும் அண்ணி. அதான் சொல்றேன்..." என்றவள் என்ன சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாதபோது வழக்கமாகச் செய்வதைச் செய்தாள், கைபேசியில் அப்பாவைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அருமை!" கடை முழுக்கக் குரல் கேட்டது. "காரணம் மூணு. ஒண்ணு, பேர் தேடி அலையற வேலை மிச்சம். ரெண்டு, துணியும் வீணில்ல, நூலும் வீணில்ல. மூணு..."

மருமகள் வழக்கமான அந்த மௌனத்துக்குக் காத்திருந்தாள்.

"மூணு, அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட வீட்டுல ஒரு குழந்தை இருக்கும். நம்ம மருமகளுக்கும் ஆறுதலா இருக்கும்."

வாழ்க்கையில் முதல் முறையாக மூன்றாவது காரணம் வந்து சேர்ந்துவிட்டது. அவருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை போலிருக்கிறது, "மூணு சொல்லிட்டேனா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

அந்தப் பெயர் கூடத்தில் ஓடும். அதைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்வார்கள், அடிக்கக் கை ஓங்குவார்கள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கத்துவார்கள். வேறொரு முகம் திரும்பிப் பார்க்கும்.

"அந்த ரிப்பரக் குடு."

"இனிமே எதுக்கு அண்ணி? திருப்பிக் குடுத்துடலாம்."

மருமகள் அவள் கைப்பையைத் திறந்து தானே எடுத்துக்கொண்டாள். உத்வேக மேசையில் உட்கார்ந்து போர்வையைத் திருப்பிப் போட்டாள். கடைசியாகப் போட்ட எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். இறுக்கமான தையல். ஒவ்வொரு இழையாக நெம்பி, அறுத்து, முன்பக்கம் திருப்பி இழுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து போட்ட வரிசையில் பின்னோக்கிப் போனாள்.

"அம்மா, இது உருவாக்கற மேசை. இங்க பிரிக்கறதெல்லாம்..." என்று ஆரம்பித்த உரிமையாளர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நூல் அலமாரியைத் துடைக்கப் போய்விட்டார்.

"அண்ணி, வேணாம் அண்ணி. எல்லாரும் பாக்கறாங்க. நான் சும்மாதான் சொன்னேன்."

"போர்வை உனக்குத்தான். தாராளமா வெச்சுக்க." அவள் நிமிரவில்லை. "பேர் தர மாட்டேன்."

முதல் எழுத்தும் வந்தது. துணுக்கு நூல்களைக் கூட்டிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

வீட்டில் மாமனார் போர்வையை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். ஊசித் துளைகளின் வழியே வெளிச்சம் வந்தது. பெயர் புள்ளிப் புள்ளியாக, நூலில் இருந்ததைவிடத் தெளிவாக, நின்றது. அவர் விரல்கள் எழவில்லை. அவசரமாக மடித்து மகனிடம் நீட்டினார்.

"மெஷின்ல போடு."

கணவன் போட்டான். சோப்பை இரண்டு மடங்காகப் போட்டான்.

மருமகள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். நுரைக்குள் போர்வை புரண்டது. மூலை ஒரு முறை கண்ணாடியில் ஒட்டி விலகியது. கூடத்தில் நாத்தனார் அழுவதும், இந்த நேரத்தில் அழக் கூடாது என்று மாமனார் சமாதானம் சொல்வதும் கேட்டன.

ரொம்ப நேரம் கழித்து இயந்திரம் பீப் பீப் என்று கத்தியது. மருத்துவமனையில் அந்தக் கண்ணாடிப் பெட்டி அப்படிக் கத்தியபோது நாலு பேர் ஓடிவந்தார்கள். இங்கே ஒருவரும் வரவில்லை. அவளே எழுந்து கதவைத் திறந்தாள்.