பாலத்தின் மூன்றாவது தூண்

கண்மாய்த் தண்ணீருக்குப் போக்கு கிடையாது. துடுப்புப் போட்டால் படகு போகும், நிறுத்தினால் நின்றுவிடும். ஞானபாக்கியத்துக்குத் தெரிந்த தண்ணீர் அது ஒன்றுதான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் அவள் செக்கிங் சூப்பர்வைசர். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், செண்பகத்தோப்பு வழியிலிருக்கும் கண்மாயில் கயாக் ஓட்டப் பழகியிருந்தாள்.

அந்த கயாக் கிளப்பை ஆரம்பித்தவர் சங்கரலிங்கம், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர்தான் எட்டுப் பேரை வேனில் ஏற்றி, செங்கோட்டை வழியாகக் கொச்சிக்குக் கூட்டி வந்திருந்தார்.

காலையில் ஞானபாக்கியம் ஆற்றுப் படித்துறையில் இறங்கி நின்று பார்த்தாள். ஆகாயத்தாமரைக் கொத்துகள் கடல் பக்கமிருந்து ஊருக்குள் மிதந்து வந்துகொண்டிருந்தன. கடல் ஏற்றத்தில் ஆறு பின்னோக்கி ஓடியது. நடுவில் பயணிகள் போட்டும், மீன்பிடி வள்ளங்களும், சரக்கு ஏற்றிய பார்ஜ் எனப்படும் நீண்ட இரும்புப் படகுகளும் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு போயின. கொஞ்சம் தள்ளிக் கடல் பக்கமாக ஒரு பழைய பாலம்.

வழிகாட்டியாக வந்த உள்ளூர்க்காரன் பிஜு, சங்கரலிங்கத்திடம் சொன்னான்.

"சார், அக்கரைத் தீவுக்குப் போயிட்டு ஒன்றரை மணிக்குள்ள திரும்பணும். அதுக்கு மேல வெள்ளம் கடலுக்கு எறங்கும். பாலத்துப் பக்கம் இழுக்கும்." தண்ணீரைத்தான் வெள்ளம் என்றான்.

ஆனால் பேனரோடு போட்டோ, பிறகு சாப்பாடு, பிறகு ஒருவருக்கு லைஃப் ஜாக்கெட் பத்தவில்லை என்று மாற்றல். எல்லாம் முடிந்தபோது மணி ஒன்றே முக்கால். பிஜு மறுப்பாகத் தலையசைத்தான்.

"இன்னிக்கு வேண்டாம் சார். நாளைக்குக் காலையில போலாம்."

"எம்புட்டு தூரம் இது? கண்ணுக்கு எட்டுற தூரந்தானப்பா. நான் பிரம்மபுத்திராவுல பாலம் கட்டுனவன்" என்றார் சங்கரலிங்கம்.

ஞானபாக்கியம் ஆற்றைப் பார்த்தாள். ஆகாயத்தாமரை இப்போது அசையாமல் நின்றிருந்தது. அது நின்ற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்ல வாய் எடுத்தாள். எல்லோரும் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஏறினாள்.

அவளுடையது இருவர் படகு. முன்னால் முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். போலீஸில் ஏட்டு, நாற்பத்தைந்து வயது. கிளப்பில் எல்லோரும் ஏட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கும் அசராத ஆள் என்று பெயர்.

பாதி ஆறு தாண்டியபோது, ஒரு பயணிகள் போட் குறுக்கே போனது. அதன் அலை பக்கவாட்டில் வந்து அடித்து, கடைசியாக வந்த இவர்கள் படகைத் திருப்பிவிட்டது. நேராக்கிக்கொண்டு பார்த்தால், மற்ற படகுகள் தூரத்தில் இருந்தன. எவ்வளவு துடுப்புப் போட்டும் தூரம் குறையவில்லை. கரையிலிருந்த ஐஸ் பேக்டரி மெல்லப் பின்னால் நழுவியது. பாலம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"ஏட்டம்மா, வலது பக்கம் போடுங்க! வலது பக்கம்!"

முனீஸ்வரி துடுப்புப் போடவில்லை. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்திருந்தாள். அவள் துடுப்பு எப்போதோ தண்ணீரில் போய்விட்டிருந்தது.

"ஏட்டம்மா!"

"பாக்கியம், பின்னால பாரு" என்றாள் முனீஸ்வரி. குரல் குழந்தையின் குரல் போலிருந்தது.

பின்னால் ஒரு பார்ஜ் வந்துகொண்டிருந்தது. சரக்கு நிறைந்து, தண்ணீரோடு தண்ணீராக அமிழ்ந்து, இறங்கும் ஆற்றோடு சேர்ந்து வந்தது. அதற்கு பிரேக் கிடையாது. மூன்றாவது தூணை ஒட்டிய இடைவெளியில்தான் அது நுழைந்தாக வேண்டும். அந்தத் தூணுக்குத்தான் ஆறு இவர்களையும் கொண்டுபோனது.

பிஜுவின் விசில் எங்கோ கேட்டது.

"ஏட்டி முனீஸு, தூண் பக்கமாச் சாயி!" மரியாதையை மறந்து கத்தினாள் ஞானபாக்கியம்.

முனீஸ்வரி தூணைப் பார்த்துப் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தாள். படகு தூணில் பக்கவாட்டாக மோதியது; அவள் சாய்ந்த பக்கம் தண்ணீர் ஏறிக் கவிழ்த்தது. மறு கணம் இருவரும் தண்ணீருக்குள்.

கண்ணைத் திறந்தால் பழுப்பு நிறம் மட்டும். வாய் நிறைய உப்பும் டீசலும். லைஃப் ஜாக்கெட் ஞானபாக்கியத்தை மேலே தூக்கியது. இடது கை தூணின் அடிவிளிம்பைப் பற்றியது. அதில் அப்பியிருந்த சிப்பிகள் உள்ளங்கையைக் கிழித்தன. முனீஸ்வரியைக் காணவில்லை. கவிழ்ந்த படகைத் தண்ணீர் தூணோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. அதன் அடியில்தான் இருக்க வேண்டும்.

வலது கையை உள்ளே விட்டுத் துழாவினாள். ஜாக்கெட்டின் தோள்வார் அகப்பட்டது. இழுத்தாள். வரவில்லை. எதிலோ மாட்டியிருந்தது.

அப்போது பார்ஜின் ஹாரன் அடித்தது. தலைக்கு மேலேயே அடித்தது போலிருந்தது. கறுத்த இரும்புச் சுவர் ஒன்று வெயிலை மறைத்தது.

ஞானபாக்கியம் வாரை விட்டுவிட்டாள். இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டு மேலே ஏறப் பார்த்தாள். மூன்று நொடியா, ஐந்து நொடியா, அவளுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் உலகத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

பிறகு, தன் காலில் ஏதோ இடித்தது அவளுக்குத் தெரிந்தது. உதைக்கும் ஒரு கால்.

"ஏசுவே" என்று சொல்லிக்கொண்டு கையை மறுபடி உள்ளே விட்டாள். முதலில் வெறும் தண்ணீர். பிறகு முடி. பிறகு வார். தூணில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலாலும் படகை உதைத்தாள். படகு ஒரு முறை முனகி, தூணைவிட்டு வழுக்கிப் போனது. முனீஸ்வரியின் தலை வெளியே வந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அவளைத் தூணோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பார்ஜ் ஒரு கை தூரத்தில் உரசாமல் போனது. அதன் ஓரத்தில் தொங்கிய டயர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடியவே மாட்டேன் என்றது. மேலிருந்து ஒருவன் கத்தினான். இவர்களுடைய படகு இரும்புக்கடியில் போய் உடையும் சத்தம் கேட்டது. கடைசியாக வந்த அலை இருவரையும் மூழ்கடித்துத் திரும்ப எடுத்தது.

பிஜு கயிற்றோடு வந்து சேர்ந்தபோது ஞானபாக்கியத்தின் விரல்களை அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் உள்ளங்கையில் பதினோரு தையல் போட்டார்கள். முனீஸ்வரியை ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். பிறகு எல்லோரும் வேனில் ஊர் திரும்பினார்கள். தென்காசி தாண்டியதும் சங்கரலிங்கம் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்.

"தப்பு எம்மேலதான்ம்மா."

"ஆமா அண்ணாச்சி. உங்க மேலதான்" என்றாள் ஞானபாக்கியம். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

மில்லில் எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். உயிரைக் காப்பாத்தினவ என்றார்கள். சர்ச்சில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. மில் லாரி ஹாரன் அடித்தால் கை தானாக எதையாவது பிடித்துக்கொண்டது. முனீஸ்வரிக்குப் போன் போட்டால் எடுக்கவே இல்லை. தெரிந்திருக்குமோ என்ற நினைப்பு சோறு இறங்கவிடவில்லை.

மூன்றாவது வாரம் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் முனீஸ்வரியின் வீட்டுக்குப் போனாள். முனீஸ்வரி காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டம்மா, ஒண்ணு சொல்லணும். ஹாரன் அடிச்சப்போ நான் கைய விட்டுட்டேன்."

முனீஸ்வரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தெரியும். பிடிச்ச கை போனது எனக்குத் தெரியாதா? அப்பந்தான் செத்தேன்னு நெனச்சேன்."

"அதான் போன எடுக்கலையா?"

"அதுக்குத்தான். உம்மேல அம்புட்டுக் கோவம். பொறவு யோசிச்சேன். துடுப்ப மொதல்ல விட்டவ நான்ல." சட்டையை எடுத்து மடித்தாள். "திரும்ப வந்து என் முடியத் துழாவுன கையும் அதே கைதானன்னு தோணுச்சு."

"இப்பவும் கோவமா?"

"கொஞ்சம் இருக்கு" என்றாள் முனீஸ்வரி. "உக்காரு. காபி போடுறேன். அந்தக் கையக் காட்டு, தையல் பிரிச்சாச்சா?"