தாராப் கச்சேரியில் எழும்பினவர்கள்

என் வீட்டுக்காரர் பாலேந்திராவுக்குச் சுவாஹிலியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் ஸ்ட்ரெதமில் எங்கள் வாசலில் நிற்கிற வானுக்குள் வருஷக்கணக்காகச் சுவாஹிலிப் பாட்டைத் தவிர வேறொன்றும் ஓடினதில்லை. வாரநாளில் அவருக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. சனி, ஞாயிறில் எங்கள் சனத்தின் கல்யாணத்துக்கும், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கும் ஸ்பீக்கரும் மைக்கும் வாடகைக்குக் கொண்டுபோவார். ஒருமுறை மொம்பாசாக்காரர் ஒருவரின் கல்யாணத்துக்குப் போனவர், அங்கே தாராப் கேட்டுவிட்டு வேறு மனுசனாகத் திரும்பி வந்தார்.

தாராப் என்றால் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பாட்டு. வயலினும் கீபோர்டும் மேளமும் சேர்ந்து அவசரமில்லாமல் அசைந்து வரும். கொஞ்சம் அரபுபோலவும் கொஞ்சம் பழைய இந்திப் படப்பாட்டுப்போலவும் காதில் விழும். விளங்காத பாட்டில் என்னத்தைக் கண்டீர்கள் என்று கேட்டால், விளங்கினால் உருசி போய்விடுமாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எனக்கும் ஒரு குத்து விழும். தன் தங்கச்சி மகளின் சாமத்திய வீட்டில் பிள்ளையை மேடைக்குக் கூட்டிவருகிற நேரம் நாதஸ்வர சீடிக்குப் பதிலாகத் தாராப்பைப் போட்டுவிட்டார். மச்சாள் ஆறு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. பிள்ளை மட்டும் அந்தப் பாட்டு நல்லாயிருந்தது என்றாள்.

எனக்கு அந்தப் பாட்டைப் பற்றி ஏதாவது தெரியுமென்றால் அது சுஹூராவால்தான். கோலியர்ஸ் வுட்டில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் நானும் அவளும் சமையல் வேலை. மொம்பாசாக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். எனக்குச் சிறுநீரகக் கல் எடுத்தபோது என் ஷிப்டையும் தானே செய்துவிட்டு, பஸ் ஏறி வந்து எனக்குச் சூப்பும் தந்துவிட்டுப் போனவள். நாங்கள் பேசுவது இங்கிலீசில்தான். ஆனால் அவள் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழில்தான் ஞாபகமிருக்கிறது. அது ஏனென்று தெரியாது.

அவளுடைய புருஷன் அவளை விட்டுவிட்டு, அவளுடைய சிநேகிதி ருக்கியாவைக் கட்டிக்கொண்டான். புருஷன் போனதுகூடப் பரவாயில்லை. மற்றச் சிநேகிதிமாரும் ஒவ்வொருவராக ருக்கியாவின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவள் கையில் காசும் வீட்டில் விருந்தும் இருந்தன, சனம் அங்கேதானே போகும். சுஹூராவைக் கல்யாணத்துக்கும் கூப்பிடுவதில்லை, பெருநாளுக்கும் கூப்பிடுவதில்லை. ஒரு வருஷமாக அவள் வேலை முடிந்தால் அறை, அறை விட்டால் வேலை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு கோடையில் மொம்பாசாவிலிருந்து பெரிய பாடகி ஒருத்தி வருவதாகச் செய்தி வந்தது. டூட்டிங் பக்கத்தில் ஒரு மண்டபம், ஞாயிறு பின்னேரம். ஸ்பீக்கர் எங்கள் வீட்டுக்காரருடையது. அந்தக் கிழமை முழுக்க மனுசனுக்கு நிலத்தில் கால் படவில்லை.

சுஹூரா தானும் போகப்போவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, நீயும் வா என்றாள். போகிற வழியில்தான் அந்தக் கச்சேரியின் சட்டத்தை விளங்கப்படுத்தினாள். பாட்டில் ஒருவர் பெயரும் வராது. ஆனால் ஏச்சு நிறைய வரும். ஒரு அடி பாடும்போது யார் எழும்பி, காசு நோட்டைத் தூக்கிப் பிடித்து ஆடிக்கொண்டு போய்ப் பாடகியின் கையில் கொடுக்கிறாளோ, அந்த ஏச்சு அவளுடையது. அதை யாருக்கு எறிகிறாள் என்பது சபைக்குத் தெரியும். எறிபட்டவள் எழும்பக் கூடாது. எழும்பினால், வெளியே போனால், பட்டுவிட்டது என்று அர்த்தம். சிரித்துக்கொண்டு இருக்கவேண்டும். பதிலடி வருகிற நேரம் அவளுக்காக அவளுடைய ஆட்கள் எழும்புவார்கள்.

"எழும்ப ஆள் இல்லாதவள் அங்க போகப்படாது," என்றாள் சுஹூரா. "ஆனா இண்டைக்குப் போகாட்டி இனி எண்டைக்கும் என்னாலை அந்தச் சனத்துக்கை போக ஏலாது, தவா."

மண்டபத்துக்குள் ஊதுபத்திப் புகையும் பொன்நிறச் சட்டைகளும். பெண்களெல்லாம் தலையிலிருந்து கால்வரை மின்னினார்கள். சேலையும் பொட்டுமாக நான் ஒருத்திதான். நாங்கள் போய் இருந்ததும் பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள் மெல்ல இடம் மாறினார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, சுஹூராவிடம் சுகம் விசாரித்துவிட்டு ஒலி மிக்ஸர் மேசைக்குத் திரும்பினார். அவர் எங்கள் ஆள் என்பதை மண்டபமே பார்த்துவிட்டது.

முதல் பாட்டுகள் காதல் பாட்டுகள். பிறகு பாடகி குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. சுஹூரா உதடு அசையாமல் எனக்கு அர்த்தம் சொன்னாள்: "உடைந்த சட்டியே, உன்னை வாசலில் வைத்தாயிற்று. இனி உன்னில் உலை வைப்பார் யார்?" முன்வரிசையிலிருந்து பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி எழும்பினாள். அதுதான் ருக்கியா. நோட்டைத் தலைக்கு மேலே பிடித்து, இடுப்பை அசைத்து, எங்கள் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மேடைக்குப் போனாள். சுஹூரா சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை ஒருவருக்கும் கடவுள் கொடுக்கக் கூடாது.

அப்போதுதான் அந்தக் கொடுமை நடந்தது. பாடகி அதே அடியைத் திருப்பி இழைத்து இழைத்துப் பாட, என் வீட்டுக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு சட்டைப்பையில் கை விட்டார். எங்கள் கோயில் திருவிழாவில் தவில் சமா சூடேறினால் இரசிகர்கள் மேளகாரருக்குச் சால்வை போர்த்தி நோட்டுக் குத்துவார்கள். கலைஞனுக்கு மரியாதை, அதற்கு வேறு கருத்துக் கிடையாது. அந்த நினைப்பில் மனுசன் நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ருக்கியாவுக்குப் பின்னாலேயே, அதுவும் சின்ன ஆட்டம் போட்டுக்கொண்டு, போகிறார். நான் கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு எனக்குத் தலையை ஆட்டினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. சபை கூரை பறக்கச் சிரித்தது. சுஹூராவோடு வந்தவனே அவளுக்கு எறிகிறான் என்றால் சிரிக்கமாட்டார்களா? ருக்கியா அவருடைய கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

சுஹூராவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. மேசைக்குக் கீழே அவள் என் கையைப் பிடித்தாள். அவருக்குத் தெரியாது, அவர் ஒரு விசரர் என்று நான் காதுக்குள் சொன்னேன். தெரியும் என்றாள். தெரிந்து என்ன, சபைக்குத் தெரியாதே. அவள் கைப்பையை எடுத்தாள்.

"நான் போறன், தவா."

"இருங்கோ," என்றேன். "பதிலடி எப்ப வரும்?"

நான் என்ன நினைக்கிறேன் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வேண்டாம் என்றாள். நீ எங்கட ஆள் இல்லை, உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றாள். சிரிக்கட்டும், சிரிப்புக்கு இங்கே என்ன பஞ்சமா என்றேன். எனக்கு ஆட வராது. பள்ளிக்கூடத்துக் கோலாட்டத்திலேயே மற்றப் பிள்ளையின் கையில் அடித்து விலக்கப்பட்டவள் நான். ஆனால் என் வீட்டு ஆள் செய்ததை நான் அழிக்காமல் யார் அழிப்பது?

பாடகி மூச்சு வாங்கிவிட்டு அடுத்த அடியை எடுத்தாள். சுஹூரா மேடையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"இப்ப," என்றாள்.

எழும்பினேன். நோட்டைத் தூக்கிப் பிடித்தேன். காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, மேளத்தை நம்பி வைத்தேன். சேலை தடக்கியது. முன்வரிசையில் சிரிப்புக் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் தன் மனைவிக்கும் கடைசியில் இரசனை வந்துவிட்டதென்று பூரித்துப்போய் ஒலியைக் கூட்டிவிட்டார். ருக்கியாவின் கதிரைக்கு முன்னால் நின்று, அவள் செய்ததைப்போலவே ஒரு முழுச்சுற்றுச் சுற்றினேன். சிரிப்பு நின்றுவிட்டது. மேடையில் பாடகி நோட்டை வாங்கினாள். என்னைப் பார்த்தாள், என் தலைக்கு மேலாகச் சுஹூராவைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாள். அந்த அடியை இன்னும் உரத்துத் திருப்பினாள். மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி குரவை விட்டாள்.

இருக்கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் என்ன எறிந்தேன் என்று கேட்டேன். "நீ விருந்தென்று அள்ளித் தின்கிறாயே, அது நான் தின்று கைகழுவின சோத்துக் கோப்பையடி." ஐயோ என்று வாயைப் பொத்தினேன். சுஹூரா உண்மையாகவே சிரித்தாள். கண்ணால் தண்ணி வரச் சிரித்தாள்.

இடைவேளையில் என் வீட்டுக்காரர் ஆடிக்கொண்டு வந்தார். நான் இரண்டே வசனத்தில் விஷயத்தைச் சொன்னேன். மனுசன் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். சுஹூரா அவருடைய தோளில் தட்டி, தேத்தண்ணி ஆறிவிட்டது, சூடாகக் கொண்டுவா என்று அனுப்பிவைத்தாள்.

அப்போது மரியாமு என்கிற வயதான மனுசி எங்கள் மேசைக்கு வந்தாள். ஒரு வருஷமாகச் சுஹூராவுக்கு முகம் கொடுக்காதவள். என் பொட்டையும் சேலையையும் மேலும் கீழும் பார்த்தாள். இது யார் என்று சுஹூராவைக் கேட்டாள்.

"என்ர தங்கச்சி," என்றாள் சுஹூரா.

மரியாமு இன்னொருமுறை என்னைப் பார்த்தாள். கதிரையை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்து, அடுத்த மாதம் தன் பேத்திக்குக் கல்யாணம், அக்காவும் தங்கச்சியும் கட்டாயம் வரவேண்டும் என்றாள்.