தண்ணீர் தொடாத பாகன்

வருடப் பிறப்பின் மூன்றாம் நாள் காலை பத்தேகால் மணியிலிருந்து யானைப்பாகன் இன்சோன் மேல் தண்ணீர் படவில்லை. வேறு ஊராக இருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகியிருக்கும். தாய்லாந்தின் சியாங் மாயில் வருடப் பிறப்பு என்றால் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் திருவிழா; அந்த மூன்று நாளும் ஒருவன் அரைமணி நேரம் உலர்ந்திருந்தாலே ஊர் அவனைச் சந்தேகப்படும். மலையிலிருந்து வேனின் பின்புறம் நின்றபடி அகழிக்கரை வழியாக அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் தெருவில் நின்ற அத்தனை பேரும் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் அவன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் இரண்டாகப் பிரிந்து பக்கத்தில் நின்றவர்களை நனைத்தது. பனிக்கட்டி போட்ட தண்ணீரும் அப்படியே செய்தது. தா பே கோட்டை வாசலில் ஒரு தீயணைப்பு வண்டிகூட முயன்றுவிட்டுக் கிளம்பிப் போனது. பூப்போட்ட சட்டை கசங்காமல் வந்து நின்றவனை மேலும் கீழும் பார்த்த மனைவி கேவ்மா, எந்தக் கடைக்குள் ஒளிந்திருந்தாய் என்று கேட்டாள்.

காரணம் காலையில் நடந்திருந்தது. இன்சோன் வேலை பார்த்த மலைமேல் யானை முகாமில் இரண்டு வருடங்களுக்கு முன்புதான் யானைகளின் முதுகில் விருந்தாளிகள் ஏறிச் சுற்றிய நாற்காலிகளை இறக்கி விறகாக்கினார்கள். அங்குசங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். இனிமேல் ஏறக் கூடாது, தொடக் கூடாது, இருபது அடி தள்ளி நின்று பார்க்கலாம் என்று புது முதலாளியம்மா பலகை எழுதி வைத்தாள். வெளிநாட்டுக்காரர்கள் முன்பைவிட அதிகம் பேர் வந்து, தள்ளி நின்று, கண்கலங்கிப் போனார்கள். வருடப் பிறப்பின் மூன்றாம் நாள் பெரியவர்கள் கையில் சீயக்காய் ஊறிய மணநீர் ஊற்றி மன்னிப்புக் கேட்பது ஊர் வழக்கம். முகாமில் அதை யானைகளுக்கும் செய்வார்கள். இருபத்தாறு வருடமாகத் தன்னுடன் இருந்த கம்மூன் என்ற பெண்யானையின் துதிக்கையில் இன்சோன் நீர் ஊற்றி, எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னான். உடலால், சொல்லால், மனத்தால், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழை எதுவானாலும் பொறுத்தருள வேண்டும். பெரியவர்கள் என்றால் உடனே பொறுத்துவிடுவார்கள். கைதான் நனைந்துவிட்டதே, வேறு என்ன செய்வது? யானைக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. கம்மூன் துதிக்கையை உதறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது மணி பத்தேகால்.

குடிக்கிற தண்ணீர் மட்டும் வழக்கம்போல உள்ளே போனது. அவனைச் சாகவிடும் எண்ணம் யாருக்கும் இல்லை போலும். மழைக்காலம் முழுவதும் குடையில்லாமல் திரிந்தான். கோயிலில் சாமியார் புல்கட்டால் தெளித்த தீர்த்தம் மூன்று முறையும் கேவ்மாவின் கண்ணில் விழுந்தது. பிங் ஆற்றில் இறங்கினால் ஆறு விலகி வழிவிட்டது. சேற்றில் துள்ளிய மீன்களைப் பொறுக்கிய சந்தைப் பெண்கள், அண்ணே இன்னும் நாலடி நடங்களேன் என்று கெஞ்சினார்கள். கார்த்திகைப் பௌர்ணமியில் ஊரோடு சேர்ந்து அவன் விளக்கேற்றி ஆற்றில் விட்ட வாழைமட்டைத் தெப்பம் மணலில் உட்கார்ந்து எரிந்து அணைந்தது. நாற்றத்தைப் பற்றி மரியாதையாகச் சொல்ல வழியில்லை. முகாமுக்கு வந்தவர்கள் யானையிடமிருந்து எவ்வளவு தள்ளி நின்றார்களோ அவ்வளவே பாகனிடமிருந்தும் தள்ளி நின்றார்கள். சந்தையில் கேவ்மாவின் கடைக்குப் பக்கத்தில் நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் பழம் விற்றவன், வியாபாரம் படுக்கிறது என்று இடம் மாற்றிக்கொண்டான். அடுத்த வருடப் பிறப்புக்குள் குளிக்காவிட்டால் லம்பாங்கிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று கேவ்மா சொன்னாள். அவள் வெறும் வாய்ப்பேச்சுக்காரி அல்ல. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள்.

அடுத்த வருடப் பிறப்பும் வந்தது. அதன் இரண்டாம் நாள் யாரையும் திட்டக் கூடாது. திட்டினால் வருடம் முழுக்க வாய் அழுகும். சந்தையே அன்று தேன் குடித்ததுபோலப் பேசும். கேவ்மாவும் பல்லைக் கடித்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து பேசியிராத மென்மையான குரலில் அவனிடம் பேசினாள். இன்சோன் வாசலில் இருந்த பெட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"போன வருசம் கம்மூன்கிட்ட மன்னிப்பு என்னன்னு கேட்ட?"

"எல்லாரும் கேக்கறதைத்தான். தெரிஞ்சோ தெரியாமலோன்னு."

"தெரியாம என்னய்யா செஞ்ச? நீ செஞ்சது எல்லாமே தெரிஞ்சுதான. எதுக்குன்னு சொல்லாம கேட்டா நானே விடமாட்டேன். அவ யானை."

மறுநாள் இன்சோன் சடங்கு வாசகத்தை விட்டுவிட்டு முகாமின் ஓடைக்கரையில் கம்மூன் முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னான். காதின் பின்புறம் அங்குசத்தால் குத்தியது. நாற்காலிப் புண்ணை விருந்தாளிகள் பார்க்காதபடி துணி போட்டு மூடியது. பிரசவமான பதினெட்டாம் நாள் வேலைக்கு இறக்கியது. அவளுக்கு வந்த வாழைத்தாரில் பாதியைச் சந்தையில் விற்றது. ஒவ்வொன்றுக்கும் கம்மூன் ஒரு மூச்சுத் தண்ணீரை அவன் மேல் ஊதினாள். முதலில் பாதம் நனைந்தது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. மதியத்துக்குள் தலை நனைந்து ஒரு வருட அழுக்கு ஓடையில் போனது. கீழே வயல்காரர்கள் ஓடைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு ஆளனுப்பினார்கள்.

வலது கை மட்டும் மணிக்கட்டுக்குக் கீழே உலர்ந்தே இருந்தது. ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு; இவன் ஒரு யானைக்குட்டியையே மறைக்கப் பார்த்திருந்தான். கடைசியில் அதையும் சொன்னான்.

"உன் குட்டி மோக்கை நான்தான் லாரியில ஏத்தினேன். இந்தக் கையில கரும்பைக் காட்டி. நீ தேடி அழுதப்போ லாரி கீழ போயிருந்துச்சு. நான் உன்னை ஆத்தோட மேல்பக்கம் கூட்டிப் போனேன். நாலு நாள். அங்க இருக்கான்னு சொல்லிச் சொல்லி."

ஐம்பத்து மூன்று வயதில், விருந்தாளிகள் இருபது அடி தள்ளி நின்று பார்க்க, வாய்விட்டு அழுதான். கம்மூன் ஊதாமல், உதறாமல், மற்ற யானைகள் இருந்த பக்கம் நடந்து போனாள்.

கேவ்மா பெட்டியைப் பிரித்தாள். ஒரு கை நாறினால் பரவாயில்லை, அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்கு என்றாள். இது நடந்து ஒன்பது வருடமாகிறது. இப்போதெல்லாம் வருடப் பிறப்பு ஊர்வலத்தில் அக்கம்பக்கத்தார் தங்கள் கைப்பேசிகளையும் சிகரெட்டுகளையும் இன்சோனின் வலது உள்ளங்கையில் கொடுத்துவிட்டு நனையப் போகிறார்கள், ஒன்றுகூட ஈரமானதில்லை. மூன்றாம் நாள் காலை அவன் மலைக்குப் போய்க் கம்மூன் முன்னால் நின்று மோக்கின் பெயரைச் சொல்கிறான். அவள் மெல்லுவதை நிறுத்திக் கேட்கிறாள். பிறகு அவன் உலர்ந்த கையோடு வீட்டுக்கு வருகிறான்.