தாய்மாமன் உதடு

படுத்தே கிடக்க வேண்டிய கோடு எழுந்து நின்றது.

திரையில் மற்ற கோடுகளெல்லாம் ஒழுங்காக இருந்தன. உதட்டில் கொப்புளம் உள்ளவர்களின் கோடுகள் மலையேறின. வெறும் தண்ணீரின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. நடுவே ஒன்று மட்டும், கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தபிறகு "ஒரு சின்ன சந்தேகம்" என்று கை தூக்குபவரைப் போல, கடைசி நேரத்தில் மெல்லத் தலை தூக்கியிருந்தது. உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிப் பெருக்கிப் பார்ப்பதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. வைரஸ் இருந்தால் கோடு ஏறும், இல்லையென்றால் படுத்திருக்கும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"சார், நெகட்டிவ் ஏறிடுச்சு," என்றாள் என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி.

"எங்கயாவது கை பட்டிருக்கும். திரும்பப் போடு."

"திரும்பப் போட்டதுதான் சார் இது."

"யாரோட சாம்பிள்?"

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். "உங்களோடது சார்."

ஒவ்வொரு முறையும் வைரஸ் இல்லையென்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவரின் உதட்டைத் துடைத்த பஞ்சோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; அதைத்தான் நெகட்டிவ் என்போம். அந்த நிச்சயமான ஒருவர் நான். எப்படி நிச்சயம் என்று கேட்டால், எனக்கு உதட்டில் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை, அதனால். பெரியவர்களில் பாதிக்கு மேல் இந்த வைரஸ் உண்டு, பலருக்கு அது இருப்பதே தெரியாது என்று மேடை மேடையாக ஏறிப் படம் போட்டுக் காட்டுகிறவனும் நானேதான். அந்தப் பாதிப்பேரும் மேடைக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

உண்மையைச் சொன்னால், முதலில் வந்தது சந்தோஷம். இந்த வைரஸைப் பற்றி என்னை ஆட்டிவைப்பது ஒரே கேள்விதான். உதடு வழியாக உள்ளே வந்து, நரம்பைப் பிடித்து ஏறி, காதுக்கு முன்பக்கமாக மண்டைக்குள் இருக்கும் நரம்பு முடிச்சில் பாய் விரித்துப் படுத்துவிடும். சாப்பிடாது, பேசாது. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் சில, வாசலில் நாற்காலி போட்ட காவலாளிகள் மாதிரி, வருடக்கணக்காக அதைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும். பிறகு ஒருநாள், காவலாளி கொட்டாவி விட்ட நேரமாகப் பார்த்து, இறங்கி வரும். சில சமயம் கொப்புளத்தோடு ஆர்ப்பாட்டமாக. சில சமயம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல். எது எழுப்புகிறது? அந்தக் கேள்வியைப் பிறர் உதடுகளில் தேடி என் தலை நரைத்தது. ஆசாமி என் வீட்டிலேயே குடியிருந்திருக்கிறார், வாடகையில்லாமல்.

"தினமும் காலையில, மத்தியானம், சாயங்காலம் எடுப்போம்," என்றேன். "என்னையே ஒரு கேஸாப் போட்டுக்கோ. இது என்னைக்கு எடுத்தது?"

"திங்கக்கிழமை காலையில சார்."

உதட்டைத் தடவிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை நான் தங்கை வீட்டில் இருந்தேன்.

தங்கைக்குப் பெண் குழந்தை. கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து பிறந்தது. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த வயதுக் குழந்தைக்கு இந்த வைரஸ் போனால் அது உதட்டோடு நிற்காது. ஈரலுக்குப் போகலாம், மூளைக்குப் போகலாம். அதனால்தான் குழந்தை பிறப்பதற்கு முன்பே, "முத்தம் கூடாது. யாரும். எதற்காகவும்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து அவர்கள் வாசற்கதவில் ஒட்டியிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. முகக்கவசம் போட்டுக்கொண்டு, கட்டிலுக்கு இரண்டடி தள்ளி, ஆட்டத்தில் இறக்கப்படாத ஆட்டக்காரர் போலக் கைகட்டி நின்று பேத்தியைப் பார்த்தார். "உங்க அண்ணன் என்னை ஊசி போடாத நாய் மாதிரி நடத்துறாரு," என்று ஒருமுறை சொன்னதாகக் கேள்வி.

ஞாயிறன்று எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அறையில் நானும் குழந்தையும்தான். உள்ளங்கை விரிந்து கிடந்தது. ஒரு தபால்தலை அளவுதான் இருக்கும். நான்தான் நெகட்டிவ் ஆயிற்றே. குனிந்து, அந்த உள்ளங்கையில் ஒன்றே ஒன்று.

தங்கையிடம் போனில் சொல்லத் தைரியமில்லை. குழந்தை மருத்துவருக்குத்தான் முதலில் போன் செய்தேன். இன்றே கொண்டுவந்து காட்டச் சொன்னார். ரத்தம் எடுக்கும் ஊசியையும் குழாய்களையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசற்கதவில் என் அறிவிப்பு, ஒரு மூலைகூடக் கிழியாமல் என்னைப் பார்த்தது.

கூடத்தில் நின்றபடியே சொல்லி முடித்தேன். தங்கை மடியிலிருந்த குழந்தையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"எங்க குடுத்த?"

"உள்ளங்கையில."

"கதவுல ஒட்டினியேண்ணா, அது யாருக்கு?"

சம்பந்தியம்மா முகக்கவசத்துக்குள்ளிருந்து மூச்சை இழுத்தார். விசில்தான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"தம்பி, நான் இன்னும் அவ விரலக்கூடத் தொடல," என்றார். அவ்வளவுதான். அதற்கு விசிலே பரவாயில்லை.

மருத்துவர் குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், வாயிலும் கண்ணிலும் பஞ்சு வைத்து எடுத்தார். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார். ஆனால் காய்ச்சலோ, பால் குடிக்காமல் துவள்வதோ, தோலில் ஒரு சின்னக் கொப்புளமோ, எது வந்தாலும் அந்த நிமிடமே வரவேண்டும். சில வாரங்களுக்கு இந்தக் கவனம் வேண்டும். பிறகு என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு ஆன்டிபாடி இருக்கான்னு பாத்தீங்களா?" என்றார்.

வீடு திரும்பியதும் தங்கை கையை நீட்டினாள். ரத்தம் எடுக்க நான் பட்டையைக் கட்டினேன்.

"இது எதுக்கு?"

"உனக்குச் சின்ன வயசுலயே இது வந்திருந்தா, உன் உடம்பு அத எதிர்க்க ஆன்டிபாடி செஞ்சு வச்சிருக்கும். வயித்துல இருக்கும்போதே தொப்புள்கொடி வழியா பாப்பாவுக்கும் குடுத்திருப்ப. முழுக் கவசம்னு சொல்ல முடியாது. ஆனா பெரிய தெம்பு."

"எனக்கு இது இல்லன்னா?"

நான் ஊசியின் மூடியைக் கழற்றினேன். அவளுக்குப் புரிந்தது.

"எனக்கும் ஒண்ணும் வந்ததில்லையே," என்றாள் மெதுவாக. பிறகு, "ஒரு நோய் இருக்கணும்னு வேண்டிக்கிற குடும்பம் நம்ம குடும்பமாத்தான் இருக்கும்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். குழாயில் ரத்தம் ஏறியது.

ஆய்வகத்தில் மாணவி குழி குழியாக இருக்கும் தட்டை எடுத்து வைத்தாள்; ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் குழி நிறம் மாறும். தங்கையின் குழி, பக்கத்தில் என் குழி, அந்தப் பக்கம் ஒப்பீட்டுக் குழிகள். ஒப்பீட்டுக்கு இந்த முறை விலைக்கு வாங்கிய நெகட்டிவ். காத்திருந்தோம், கழுவினோம், மறுபடி காத்திருந்தோம். எத்தனையோ பேரின் ரத்தத்தை இந்தத் தட்டில் போட்டிருக்கிறேன். நிறத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் டீ குடிப்பேன், அரசியல் பேசுவேன். அந்தத் தட்டின் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

என் குழி நீலமானது. எதிர்பார்த்ததுதான். தங்கையின் குழி தண்ணீராகவே இருந்தது. பிறகு, அடியில் யாரோ மை தொட்ட துணியை நனைத்த மாதிரி, லேசாக. பிறகு நன்றாகவே. மாற்றத்தை நிறுத்தி உறுதி செய்யும் அமிலத்தை ஒவ்வொரு சொட்டு விட்டேன். இரண்டும் மஞ்சளாயின.

"அக்காவுக்கும் இருக்கு சார்!" மாணவி துள்ளினாள். அவள் என் தங்கையைப் பார்த்ததேயில்லை.

போனில் சொன்னதும் மறுமுனையில் நீண்ட மூச்சு. அதற்குப் பிறகுதான் அழுகை. அழுது முடித்து, மூக்கை உறிஞ்சி, "ஏண்ணா, ரெண்டு பேருக்கும் எங்கேருந்து வந்திருக்கும்?" என்றாள்.

"தெரியல."

"அம்மா பால ஆத்திட்டு, சூடு பார்க்க முதல்ல ஒரு வாய் குடிச்சிட்டுத்தானே நமக்குக் குடுப்பாங்க. காய்ச்சல் வந்தா உதட்டோரத்துல வெடிக்குமே, ஞாபகமிருக்கா?"

ஞாபகமிருந்தது. அம்மா போய்ப் பல வருடங்களாகிவிட்டன. நிரூபிக்க முடியாத ஊகம், ஆய்வுக்கட்டுரையில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் என் கை தானாகக் காதோரம் போயிற்று. எலும்புக்குப் பின்னால், எட்டாத இடத்தில், அது மறுபடியும் படுக்கப் போயிருக்குமா?

சாயங்காலம் மறுபடி தங்கை வீட்டுக்குப் போனேன். யாரும் சொல்லாமலே முகக்கவசம் போட்டுக்கொண்டேன், யாரும் சொல்லாமலே வாசற்படியோடு நின்றேன். கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டுச் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டடி தூரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் ஆட்டத்தில் இறங்கிவிட்டார். கழுவிக் கழுவிச் சிவந்த விரலைக் குழந்தை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. ஆனால் நான் எங்கே நிற்கிறேன் என்பது அவருக்கு அங்குலக் கணக்கில் தெரிந்திருந்தது.

"காய்ச்சல் பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன், இல்ல," என்றார். "பால் குடிச்சா. தூங்கினா. இப்ப முழிச்சிருக்கா. நீங்க அங்கயே நில்லுங்க தம்பி."

நின்றேன். குழந்தை விரலை விட்டது. விட்ட கை சற்று நேரம் காற்றில், எங்கே போவதென்று தெரியாமல் ஆடியது. தங்கை பார்த்தாள், மாப்பிள்ளை பார்த்தார், சம்பந்தியம்மா முன்னால் சாய்ந்தார். நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கை, நான் முத்தமிட்ட அதே கை, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, ஆற அமர, வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.