ஜன்னல் முறை

விடிந்தும் விடியாத நேரத்திலேயே சலவைக் கூடத்தின் சுவர்கள் வியர்த்திருந்தன. வெளியே இரவெல்லாம் இறங்காத புழுக்கம். உள்ளே பாய்லரின் ஆவி. பிழிந்து வந்த படுக்கை விரிப்பை இரண்டு பேர் முனை பிடித்து உதறி, கொதிக்கும் உருளைக்குள் செருகினார்கள். மறுபக்கம் இரண்டு பேர் விரல் பொசுங்கப் பொசுங்க இழுத்து மடித்தார்கள். ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதி விரிப்பு என்று வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டே இருந்தது. வியர்வை சொட்டினால் துணி மறுபடி துவையலுக்குப் போய்விடும் என்பதால் எல்லாப் பெண்களும் நெற்றியில் துண்டு கட்டியிருந்தார்கள்.

கூடத்துக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்து வைக்க முதலாளி விடமாட்டார். ஈரக்காற்று பட்டால் மடித்த துணி நமுத்துப்போகும், வாடிக்கைக்காரன் திருப்பி அனுப்புவான் என்பார். அதனால் பெண்கள் தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு கட்டு விரிப்பு முடிந்ததும் ஒருத்தி போய் ஒற்றைக் கதவைத் திறந்து, முகத்தை வெளியே நீட்டி மூச்சு வாங்கிவிட்டு வருவாள். அடுத்த கட்டுக்கு அடுத்தவள். யார் முறை என்று சொல்கிறவள் அண்ணி.

அண்ணி என்று முதலில் கூப்பிட்டது அவளுடைய நாத்தனார். ஒரே வீட்டிலிருந்து ஒன்றாக வேலைக்கு வருகிறவள். அதைக் கேட்டுக் கேட்டுக் கூடமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. அவளை வரிசைக்குத் தலைவியாக்கிய பிறகு முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார், கொஞ்சம் கேலியாக.

அன்று துணி ஏற்றிப்போகும் லாரி சீக்கிரமே வந்துவிட்டது. முதலாளி வாசலில் நின்று கை தட்டினார்.

"அண்ணி, இப்ப என் முறை" என்றாள் நாத்தனார்.

"லாரி நிக்குது, கண்ணு தெரியலையா? இந்தக் கட்டு முடியட்டும்."

"போன கட்டுக்கும் இதத்தான் சொன்னீங்க."

"வீட்லயும் வாய், இங்கயும் வாயா? இழுடி."

ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பேர் வாங்கியவள் எதிர்ப்பக்கமிருந்து சிரித்தாள். "வேகுறதுக்குத்தான் சம்பளம்னா, நமக்கெல்லாம் இந்நேரம் பதவி உயர்வு வந்திருக்கணும்டி."

அண்ணி சிரிக்கவில்லை. யாரும் நழுவக்கூடாதென்று ஜன்னலின் கொக்கியை இறுக்கி மாட்டிவிட்டு வந்தாள்.

அந்தக் கட்டு முடியவில்லை. நாத்தனார் கையிலிருந்த முனையை விடாமலே சரிந்தாள். முன்கை உருளையின் இரும்புச் சட்டத்தில் பட்டது. இயந்திர இரைச்சலில் அவள் முனகியது யாருக்கும் கேட்கவில்லை. பொசுங்கிய வாடைதான் முதலில் வந்தது.

தண்ணீர் தெளித்து வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். முதலாளி குனிந்து பார்த்துவிட்டு அண்ணியிடம் கேட்டார். "காலைல சாப்பிட்டாளா?"

"இல்லைங்க."

எப்படி வந்தது அந்தச் சொல் என்று அவளுக்கே தெரியவில்லை. கேட்ட வேகத்தில் வந்துவிட்டது. ஜன்னலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"பாத்தீங்களா? வெறும் வயித்தோட வந்து விழுந்தா என் தலையில விடியுது. ஆஸ்பத்திரியில காட்டிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. இனிமே அவ வர வேணாம்."

அண்ணி தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் நாத்தனார் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் படுத்திருந்தாள். ஒரே அறை. தகரக் கூரை பகலெல்லாம் குடித்த சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. அண்ணி ஓர் அட்டையை எடுத்து வீசப் போனாள்.

"வீச வேணாம்."

"புழுங்குதேடி."

"புழுங்கட்டும். நான் காலைல சாப்பிட்டேனா இல்லையா?"

அண்ணி அட்டையைக் கீழே வைத்தாள்.

"என் தட்டக் கழுவினது நீங்கதானே அண்ணி?"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அண்ணியின் கணவன் அவளுக்குச் சமாதானம் சொல்வதாக நினைத்துச் சொன்னான். "விடு. உனக்காவது வேலை மிஞ்சுச்சே."

அந்த ஆறுதல்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் விடிகாலையில் அவள் கிளம்பியபோது நாத்தனாரும் பின்னாலேயே நடந்தாள். "எங்கடி வர்ற?" என்றதற்கு "வேலைக்கு" என்றாள்.

முதலாளி வாசலில் மறித்தார். "உன்ன வர வேணாம்னு சொல்லியாச்சே. அண்ணி, சொல்லலையா நீ?"

"அவ நேத்து சாப்பிட்டுட்டுத்தான் வந்தா முதலாளி" என்றாள் அண்ணி. உள்ளே போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். "நான் பொய் சொன்னேன். மூச்சு வாங்க அவ முறை வந்துச்சு, நான் விடல. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. கொக்கிய மாட்டினதும் நான்தான்."

சிலர் அண்ணியைப் பார்த்த பார்வையில் எரிச்சல் இருந்தது. அது நியாயம்தான்.

முதலாளிக்கு முகம் மலர்ந்தது. "ஆக, தப்பு உன்னோடது. நீயே ஒத்துக்கிட்ட. ரெண்டு பேரும் கிளம்புங்க."

"என் தப்புக்கு நான் போறேன். ஜன்னல மூடச் சொன்ன தப்புக்கு யாரு போறது?"

"துணி நமுத்தா யாரு பதில் சொல்றது? நீயா?"

ரேடியோ முன்னால் வந்தாள். "துணி நமுத்தா திரும்பத் துவைச்சுக்கலாம் முதலாளி. எங்களத் திரும்பத் துவைக்க முடியுமா?"

"வாய மூடிட்டு உள்ள போ."

அவள் போகவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் போகவில்லை. உள்ளேயிருந்து ஒரு நீண்ட சீறல் கேட்டு அடங்கியது. பாய்லர்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஆவிய எறக்கிட்டேன். மறுபடி ஏத்த மத்தியானம் ஆகும். அதுவரைக்கும் பேசலாம்."

"யாரக் கேட்டு எறக்கின?"

"நேத்து விழுந்தவளக் கேட்டேன்" என்றார் அவர், நாத்தனாரைப் பார்த்து. அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் இப்போது சொன்னாள்.

"ஜன்னல் தொறந்தே இருக்கணும். என் கை ஆறுற வரைக்கும் சம்பளம் வேணும். ஆறினதும் வேலை வேணும். அண்ணிக்கும்தான்."

"வேற ஆள் வெச்சுக்குவேன்!" என்று கத்திவிட்டு முதலாளி செல்பேசியோடு உள்ளே போனார். கதவு அறைந்து சாத்தப்பட்டது. துணி ஏற்ற வந்து நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தான்.

வெயில் ஏறியது. சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு நிழல் கிடந்தது. பெண்கள் அதில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அண்ணி மட்டும் வெயிலில் நின்றாள். உட்கார அவளுக்கு முகம் இல்லை. நாத்தனார் அவளைப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அண்ணி உட்கார்ந்தாள். "கோபம் போயிடுச்சா?"

"போகல."

பாய்லர்க்காரர் வந்து வரிசையின் கோடியில் தன்னையும் செருகிக்கொள்ள, ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு நெருங்கினார்கள். தோளோடு தோள் பிசுபிசுவென்று ஒட்டியது.

"யப்பா, வேகுது" என்றாள் ரேடியோ.

யாரும் நகரவில்லை.