எட்டரைப் புள்ளி

...எட்டரை என்று சொன்னதில் அப்படி என்ன தப்பு, எங்கள் துறையில் அதுதான் இரண்டாவது இடம், முதலிடக்காரிக்கும் எனக்கும் மயிரிழைதான் வித்தியாசம், ஆனாலும் வீட்டுக்காரர் சிட்டாள் ஆச்சி அதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார், "எட்டரையா? செத்த இரு ஆத்தா, எம்மகன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர் இன்னும் வரவில்லை. வாடகைக்கு அறை கேட்டு வந்தவளின் மதிப்பெண்ணைப் பற்றி மகனிடம் என்ன ஆலோசனை? ஒன்பதுக்கு மேல் எடுத்தால்தான் காரைக்குடியில் அறையா? கேள்வி முறையாகத்தான் வந்தது, என்ன படிக்கிறே என்றார், புள்ளியியலில் ஆராய்ச்சி என்றேன், முகம் மலர்ந்து "எத்தனை புள்ளி?" என்றார், நான் தமிழ்வழியில் படித்தவள், எங்கள் பட்டியலில் தரப்புள்ளி என்றுதான் அச்சடித்திருப்பார்கள், அடடா எவ்வளவு சரியான சொல் என்று மகிழ்ந்துபோய் எட்டரை என்றேன், அவ்வளவுதான்...

இந்த அறை கிடைத்தே ஆக வேண்டும். இப்போது இருக்கிற பெண்கள் விடுதியில் மறுபடியும் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள், என் உதவித்தொகையோ மானாமதுரை மழை மாதிரி, வரும் என்ற அறிவிப்பு மட்டும் தவறாமல் வரும். இந்த ஊரில் விலை எப்படி நடமாடுகிறது என்பதை நான் மிகுந்த ஆசையோடு கவனித்திருக்கிறேன், குளத்தில் கல்லைப் போட்டால் நடுவில் அலை உயர்ந்து ஓரத்துக்குப் போகப் போகத் தணியும் இல்லையா, அதேதான், கல் விழுந்த இடம் பல்கலைக்கழக வாசல், அங்கே தேநீர், ஜெராக்ஸ், வாடகை எல்லாம் உச்சத்தில், கழனிவாசல் பக்கம் போனால் கொஞ்சம் இறங்கும், ஆனால் வாடகை இறங்குகிற அளவுக்கு ஷேர் ஆட்டோ செலவு ஏறும், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் எங்கே குடியிருந்தாலும் ஒரே தொகைதான், ஆட்டோக்காரர்கள் யாரும் கூடிப் பேசி இதைத் தீர்மானிக்கவில்லை, அதுதான் அதில் அழகு. இந்த விதிக்குப் பிடிகொடுக்காதவை செட்டியார் வீடுகள் மட்டுந்தான், வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும், வாடகை குறைவு, ஏனென்றால் நூறு பேருக்குக் கட்டிய வீட்டில் ஒருவர் இருப்பார், அவருக்குப் பணத்தைவிடப் பேச்சுத்துணைதான் தேவை...

நாராயண் வெளியே வேப்பமரத்தடியில் வண்டியில் உட்கார்ந்திருப்பான், என் பையை அவன்தான் சுமந்து வந்தான், நல்லவன், என்னைவிட இரண்டு வருடம் மூத்த ஆராய்ச்சியாளன், போன வாரம் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டான். கேட்ட விதம்தான்... "ரெண்டு வாடகை, ரெண்டு சிலிண்டரு, ரெண்டு வைஃபை. ஒண்ணாயிட்டம்னா பாதி மிச்சம் சத்யா." நீ என்னயக் கேக்குறியா சிலிண்டரக் கேக்குறியா என்றேன், அவன் உண்மையிலேயே யோசித்தான், அதுதான் எனக்கு ஆத்திரம். அறை பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அறை கிடைக்காததால் கல்யாணம் செய்துகொண்டவளாக நான் ஆகிவிடக் கூடாது, சம்மதம் என்றாலும் இல்லை என்றாலும் அதில் வாடகை கலந்திருக்கக் கூடாது, அதனால் முதலில் அறை...

ஆச்சியின் குரல் தூண்களில் பட்டு வளவு என்கிற உள்முற்றம் முழுக்கக் கேட்கிறது. "ஏய்யா மெய்யநாதா, பொண்ணப் பாத்தா ஒத்தக் குச்சியாட்டம் இருக்கு, எட்டரைப் புள்ளிங்குதுய்யா... எட்டுக் குடும்பத்த அந்த ஒத்த ரூம்ல எங்குட்டுப் படுக்க வைக்க? அந்த அரை யாருன்னு கேக்கவும் மனசு வல்ல, பாவம்... இல்லய்யா, புள்ளியப் பத்தித்தான் படிக்குதாம், யுனிவர்சிட்டில அதுக்குன்னே தனிப் பாடம் வச்சிருக்காகளாம், ஒங்க அப்பச்சி இருந்திருந்தா கேட்டுச் சந்தோசப்பட்டிருப்பாக." எட்டுக் குடும்பமா? யாருக்கு? எட்டரையில் குடும்பம் எங்கிருந்து வந்தது... யோசித்து முடிப்பதற்குள் ஆச்சி காப்பியோடு வந்துவிட்டார், எதிரில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனக்காதத்தா. அந்த அரை... ஒங்க அம்மாவா?" என்றார். அம்மாவுக்கும் என் மதிப்பெண்ணுக்கும் என்ன சம்பந்தம், ஒன்பதுக்குக் குறைந்த அரையைக் கேட்கிறார் போலிருக்கிறது, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே, "இல்ல ஆச்சி, வாத்தியாரால போனது" என்றேன். "வாத்தியாரா! எப்பத் தவறுனாக?" "அவரு எங்க தவறுனாரு, நாந்தேன் தவறுனேன், ஒரு கூட்டல்ல." ஆச்சியின் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றது. "சரி, எல்லாரும் எப்ப வாரீக?" என்றார். யார் எல்லோரும்? "நான் மட்டுந்தான் ஆச்சி."

எட்டரை என்பது என் மதிப்பெண் என்று விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் சேலை முழுக்கக் காப்பி. புள்ளி என்றால் மதிப்பெண் இல்லையாம், செட்டியார்கள் வழக்கத்தில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி, இருவரில் ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி, கல்யாணமாகாதவர் கணக்கிலேயே இல்லை, கோயில் வரியிலிருந்து வீட்டு மராமத்து வரைக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் பிரிப்பார்களாம். ஆஹா, என்ன கச்சிதமான ஏற்பாடு, தலையை எண்ணாமல் அடுப்பை எண்ணுகிறார்கள், பிள்ளைகள் எத்தனை இருந்தாலும் தகப்பன் தலையில் ஏறாது, துணையை இழந்தவருக்குப் பாரம் தானாகவே பாதியாகும்... இந்த வீட்டுக்கும் அதே கணக்குத்தான், மோட்டார் கரண்டு, தண்ணி லாரி, கூட்டிப் பெருக்குகிறவர் சம்பளம் எல்லாவற்றையும் மாடியிலிருக்கும் பேராசிரியர் குடும்பமும் ஆச்சியும் பகிர்ந்துகொள்கிறார்கள், அவர்கள் ஒன்று, இவர் அரை. பேராசிரியர் ஆளுக்கு இவ்வளவு என்று மாற்றச் சொல்லி ஒரு முறை வாதாடினாராம். "அப்ப ஒங்க மூணு பிள்ளைகளையும் சேத்துருவமான்னேன். விறுவிறுன்னு மாடிக்குப் போனவுகதேன், அதுக்கப்பறம் பேச்சே இல்ல." அப்படியென்றால் நான்? "நீ கணக்குலயே வரமாட்டே ஆத்தா. ரூம் வாடகையோட சரி." எத்தனையோ வகுக்கும் எண்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், இவ்வளவு கருணையான ஒன்றை இன்றுதான் சந்திக்கிறேன், இந்த ஊரிலேயே தண்ணீருக்குப் பங்கு கொடுக்காமல் குளிக்கப்போகிற ஒரே ஜீவன் நான்...

சாவியைக் கையில் கொடுக்கும்போதுதான் கேட்டார், "ஆமா, வேப்பமரத்தடியில வண்டியோட ஒரு தம்பி நிக்கிறாரே, பேசி வச்சிருக்காகளா? அப்படின்னா இப்பவே சொல்லிப்புடு, நீ ஒரு புள்ளியாயிருவேல்ல, மாடில வேற சொல்லணும்." "சேச்சே, அவரு எங்க சீனியரு, ஆச்சி. பை தூக்க வந்தாரு" என்றேன். ஆச்சி தலையாட்டிவிட்டுச் சேலை மாற்றப் போய்விட்டார், நான் சாவியோடு நிற்கிறேன். இதுவும் தண்ணி லாரிக்குப் பயந்து சொன்னதுதானா? அப்படியென்றால் நாராயணை அவ்வளவு திட்டியிருக்க வேண்டியதில்லை, அவன் சிலிண்டரை வைத்துக் கேட்டான், நான் மோட்டாரை வைத்து மறுத்தேன், சரிக்குச் சரி... ஆனால் எனக்குக் கணக்கு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா, உதடு அசையும், விரல் மடங்கும், ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை எண்ணவே ஒரு தெரு தாண்டிவிடும், இந்தச் சேச்சே மட்டும் ஆச்சி கேட்டு முடிப்பதற்குள் வந்து விழுந்தது, எதையும் கூட்டிக் கழிக்க அங்கே நேரமே இல்லை... கணக்குப் போட்டு வந்ததில்லை என்றால், அது எங்கேயிருந்து வந்தது? வெளியே நாராயண் ஹாரனை ஒரு தடவை மெதுவாக அடிக்கிறான், "என்ன சத்யா, கெடச்சிருச்சா?" கிடைத்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், அவன் போன வாரம் கேட்டதற்குச் சொல்ல வேண்டிய அடுத்த வாக்கியம்தான்...