குதிரை ஏற்றிய விமானம்

குதிரை ஏற்றிய விமானத்தை மெதுவாகத்தான் திருப்ப வேண்டும். இது கேப்டனுக்குத் தெரியாத சங்கதியா என்ன? சரக்கு விமானம் ஓட்டியே தலை நரைத்தவர். தினமும் சூரியனை முதல் ஆளாகப் பார்க்கிறவன் நான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். அதில் பொய்யும் இல்லை. ஆனால் மகளின் பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு வருஷமும் வீட்டில் இருந்ததில்லை. இந்தத் தடவையும் வரவில்லையென்றால் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று மனைவி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதனால்தான், உடனே திரும்பினால் வரிசையில் முதலில் இறங்கலாம் என்று கட்டுப்பாட்டு அறை சொன்னதும், மனுஷன் யோசிக்காமல் விமானத்தைச் சாய்த்து ஒரே வெட்டாக வெட்டித் திருப்பினார். பின்னால் பலகை முறியும் சத்தம் கேட்டது.

"சார், குதிரை!" என்றாள் துணை விமானி.

"நீ ஓட்டும்மா. நான் பாத்துட்டு வரேன்."

ஆபத்துக்கென்று இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்த கோடாலியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

குதிரையை நிறுத்தியிருந்த மரப்பெட்டியின் ஒரு பக்கம் சுக்குநூறாகக் கிடந்தது. செல்லி என்கிற அந்தப் பெண்குதிரை பாதி உடம்பு வெளியே வந்து, வெறிபிடித்து உதைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு உதைக்கும் விமானத்தின் தகடு புடைத்தது. அதை ஒட்டித்தான் வாலைத் திருப்பும் கம்பிகள் ஓடுகின்றன. அறுந்தால் மூன்று பேரும் பஸ்பம்.

கூடவே வந்திருந்த குதிரைக்காரர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். குட்டியிலிருந்து வளர்த்தவர். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"ஊசியைப் போடுய்யா!" என்று கத்தினார் கேப்டன்.

"போட்டா செத்துடுவா சார்! கொஞ்ச நேரம் குடுங்க. என் பேச்சைக் கேப்பா!"

கேப்டனுக்கும் மனசு வரவில்லை. நின்றார். அடுத்த உதை குதிரைக்காரரின் கையை முறித்தது. அவர் பையிலிருந்த ஊசி மருந்துக் குப்பி தரையில் விழுந்து நொறுங்கியது. தகடு கிழிந்து காற்று ஊளையிட்டது.

"சார், வால் ஒரு பக்கமா இழுக்குது!" என்று முன்னாலிருந்து துணை விமானி கத்தினாள்.

கேப்டன் குதிரைக்காரரை மூலையில் பிடித்துத் தள்ளிவிட்டுக் கோடாலியை ஓங்கினார். முதல் வெட்டு வழுக்கிக் காதை அறுத்தது. குதிரை மனுஷக் குரலில் அலறியது. அடுத்தது நெற்றியில் இறங்கியது. அதற்கப்புறம் எத்தனை என்று அவருக்கே தெரியாது. சூடான ரத்தம் கண்ணை மறைத்தது. கால்கள் இழுத்து இழுத்து அடங்கியபோது அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதற்காகத் தன் மூஞ்சியிலேயே காறித் துப்பலாம் போலிருந்தது அவருக்கு.

எப்படியோ இறங்கினார்கள். கம்பெனி மேலாளர் ஓடிவந்து கேப்டனின் ரத்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மூணு உயிரைக் காப்பாத்திட்டீங்க கேப்டன்! காத்து தூக்கிப் போட்டுடுச்சாமே?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்த குதிரைக்காரர் தலையைத் திருப்பினார். "காத்தா சார்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை தப்பும். கேப்டன் மேலாளரிடமிருந்து கையை உருவிக்கொண்டார்.

"இல்லய்யா. வீட்டுக்குச் சீக்கிரம் போகணும்னு நான்தான் வெட்டித் திருப்பினேன்."

குதிரைக்காரர் எழுந்து வந்தார். முறியாத கையால் விட்ட குத்தில் கேப்டனின் உதடு கிழிந்தது. இரண்டாவது குத்தில் தரையில் விழுந்தார். நாலு பேர் பாய்ந்து குதிரைக்காரரை மடக்கிப் பிடித்தார்கள்.

"விடுங்க அவரை," என்றார் கேப்டன், கிடந்தபடியே. "அவர் இன்னும் அடிச்சு முடிக்கல."